ஆரஞ்சுப் புள்ளி

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மூச்சு மீசையிலேயே உறைந்து நிற்கிறது.
இந்த இரவில்தான் மரங்களுக்குப் புத்தாண்டாம்.
வின்னிபெக்கில் எந்த மரமும் இதை நம்பாது.

யூத ஆலயத்தின் கீழ்த்தளம்.
மடக்கு மேசைகள் ஒன்பது. ஒன்றுக்குக் கால் ஆடுகிறது;
பீட்சாக் கடை விளம்பரத்தை எட்டாக மடித்து
அண்டை கொடுத்தார் மெண்டல் கராசிக்.
ஃப்ரூமா பெலின்ஸ்கி பார்லி சூப்புக்கு உப்புப் பார்க்கிறாள்,
யாரையும் அடுப்பருகே விடுவதில்லை.
நனைந்த என் கையுறைகளை
ரேடியேட்டர் மேல் காயப் போட்டுவிட்டு
ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

ஷ்வாத் மாதம் பதினைந்து. பௌர்ணமி.
"ஆதியில் இது பண்டிகையே அல்ல, வரிக்கணக்கு நாள்,"
என்றார் ரபி கலோன்.
எந்தக் காய் எந்த ஆண்டில் சேரும்,
எந்தக் கன்றுக்கு எத்தனை வயது,
எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டுமே.
எனக்குப் பிடித்துப்போயிற்று.
நானும் மாநகராட்சி ஆள்தான்;
மரங்களுக்கென்று என்னிடமும் ஒரு பதிவேடு உண்டு.

முதல் கிண்ணம் வெள்ளை ஒயின்.
ஓடுள்ளவை: வாதுமை, வால்நட், மாதுளை.
இரண்டாவதில் வெள்ளைக்குள் ஒரு சொட்டுச் சிவப்பு.
கொட்டை உள்ளே ஒளிந்தவை: ஆலிவ், பேரீச்சை.
கரோப் காயைக் கடித்த மெண்டல்
பல் இருக்கிறதா என்று நாக்கால் எண்ணிப் பார்த்தார்.
மூன்றாவது கிண்ணம் பாதிக்குமேல் சிவந்திருந்தது.
அத்தியும் திராட்சையும், எறிய எதுவுமில்லாதவை.
அப்போதுதான் லுத்மிலா ரெஸ்னிக்
என் தோளுக்கு மேலே ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்:
"நம் எல்ம் மரத்தில் அந்த ஆரஞ்சுப் புள்ளியை
யார் வைத்தார்கள்?"

நான் ஒரு வால்நட்டை உடைத்துக்கொண்டிருந்தேன்.
உடைத்துக்கொண்டே இருந்தேன்.

நான்காவது கிண்ணம் முழுச் சிவப்பு.
அதற்குப் பழமில்லை, வாசனை மட்டும்.
கிராம்புப் பெட்டி மாடியில்.
மாடிச் சாவி ஃப்ளோரிடாவுக்குப் போன செயலாளரிடம்.
ஆரஞ்சுத் தோல் போதுமா என்று பேச்சு வந்தபோது
ரேடியேட்டர் மேலிருந்த என் கையுறைகள்
சூடேறி, தாமாகவே வாய் திறந்தன.

"பூனை மூத்திரம்!" என்றான் கராசிக்கின் பேரன்.
மேசைக்கு மேசை சிரிப்பு.
ஃப்ரூமா சிரிக்கவில்லை.
கரண்டியைச் சட்டியோரம் சாய்த்தாள்.
"எல்ம்," என்றாள். "பச்சையாய் அறுத்தது."
"அடுத்த தெரு," என்றேன். "காலையில்."
"இது?"
"வியாழன்."
"புள்ளி?"
"ஆகஸ்டில். நான்தான்.
பட்டைக்கடியில் வண்டு. விட்டால்
வரிசை முழுக்கப் போகும்."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், எழவில்லை.
சூப் கொதித்துப் பொங்கி அடுப்பில் சீறியது;
முதல்முறையாக வேறொருவர் போய் அணைத்தார்.

பிறகு ஃப்ரூமா இடக்கைக் கையுறையை எடுத்து
முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடாமல்,
ஆழமாக இழுத்துவிட்டு மெண்டலிடம் தந்தாள்.
கை மாறிக் கை மாறிப் போயிற்று அது.
"மணமுள்ள மரங்களைப் படைத்தவரே என்று
இதற்கு ஆசி சொல்லலாமா?" என்று ஒருவர்.
"நாறினால் கூடாது," என்று இன்னொருவர்.
"யாருக்கு நாறுகிறது?" என்றாள் ஃப்ரூமா.
ரபி தாடியைத் தடவி, விதி தேடி,
கிடைக்காமல்,
எல்லோருக்கும் முன்னால் ஆமென் சொல்லிவிட்டார்.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.
"எத்தனை வயது அதற்கு?"
"வெட்டினால்தான் தெரியும். வளையம் எண்ண வேண்டும்."
"எண்ணிவிட்டு ஒன்று கூட்டிச் சொல்.
இன்றைக்குப் பிறந்த வருஷத்துக்கு
அது இன்னும் வளையம் போட்டிருக்காது."

கார் கிளம்ப மறுத்தது.
எஞ்சின் சூடாகும்வரை மரத்தடியில் நின்றேன்,
ஒரு கையில் கையுறை, மறுகை வெறும் கை.
நிலவில் ஆரஞ்சு நிறம் தெரியவில்லை.
டாஷ்போர்டில் பதிவேடு திறந்து கிடந்தது.
வயது என்ற கட்டத்தில் பென்சிலால்
ஒரு கூட்டல் குறி மட்டும் போட்டேன்.