எட்டு மூலை

சான் அந்தோனியோ துறைமுகத்தில்
கப்பல் இறக்கிப்போட்ட பிஸ்கட் பெட்டிகளுக்கு
விடிய விடியக் கறுப்பு வில்லை ஒட்டுவது
எனக்கும் யாஸ்னாவுக்கும் வேலை.

எட்டு மூலை. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து.
சர்க்கரை மிகை, ஒரு சுருள்.
உப்பு மிகை, இன்னொரு சுருள்.
கொழுப்புக்குத் தனி, கலோரிக்குத் தனி.
சில சாக்லேட்டுக்கு மூன்று ஒட்டி முடித்தால்
சாக்லேட்டின் பெயருக்கே இடமிருக்காது.
யாஸ்னா நகத்தால் உரித்துத் தருவாள்,
நான் கட்டைவிரலால் அழுத்துவேன்.
விடியும்போது என் ரேகை
நாலாயிரம் பெட்டிகளில் இருக்கும்.

என் எடை நூற்றேழு கிலோ.
இதை நான் சொல்லவே வேண்டியதில்லை.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
நான் உட்காரும் முன்பே கணக்குப் போட்டுவிடுவார்.

பள்ளியில் பீப்பாய்.
துணிக்கடையில், "உங்க அளவு உள்ளே இருக்கும், பாக்கணும்."
கல்யாண வீட்டில், "முகம் மட்டும் எவ்வளவு லட்சணம்."
சுகாதார நிலையத்தில் டாக்டர் வால்தெபெனித்தோ
ஆறு நிமிடத்தில் நாலு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டு
"வாயைக் கட்டுங்கள்" என்றார்.
இத்தனை வில்லைகள் என் மேல்.
ஒன்றுக்கும் பசை தேவைப்படவில்லை.

அப்புறம் சட்டம் வந்தது.
முதல் இரவு, முதல் சுருளைப் பிரித்தபோது
என்னவோ போலிருந்தது.
முப்பத்தெட்டு வருஷம் என்னோடு நடந்த பழி
சட்டென்று இறங்கிப்போய்
ஒரு பெட்டியின் நெற்றியில் உட்கார்ந்துகொண்டது.
யாஸ்னாவிடம் சொல்லவில்லை.
கொஞ்சம் அழுத்தமாகவே ஒட்டினேன்.

ரயென் காலையில் தின்னும் சோளப்பொரிப் பெட்டியில்
சக்கரச் செருப்பு மாட்டிய முயலொன்று இருந்தது.
அதையும் எடுத்துவிட்டார்கள்.
"முயல் எங்கம்மா?"
"சட்டம் துரத்திடுச்சு."
"என்ன தப்பு செஞ்சுது?"
யோசித்தேன்.
"உனக்குப் பசிக்காதப்பவும் கூப்பிட்டுது."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் 'மிகை'.
அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான்.
மழை மிகை. வீட்டுப்பாடம் மிகை.
அம்மா தூங்குவது மட்டும்
மிகை இல்லை.

தொலைக்காட்சியில் கம்பெனி வக்கீல் வந்தார்.
மெலிந்தவர். நல்ல கோட்டு.
எதைத் தின்பது என்பது அவரவர் சுதந்திரம் என்றார்.
ஐயா, எங்கள் மேட்டுத் தெருவில் சுதந்திரம்
மூன்று கடைகளில் விற்கிறது.
மூன்றிலும் ஒரே சிப்ஸ்,
தண்ணீரைவிட மலிவாய் ஒரே சோடா.
ஆப்பிள் வேண்டுமென்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும்.

ஆனால் ஆப்பிளை நான் தினமும் பார்க்கிறேன்.
எதிர்க் கிடங்கில், பொறுக்கியெடுத்து, தாளில் சுற்றி,
குளிரூட்டிய பெட்டிக்குள்
எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கோ கப்பலேறக் காத்திருக்கிறது.
வருகிற கப்பலில் பிஸ்கட்.
போகிற கப்பலில் ஆப்பிள்.
நடுவில் நாங்கள்,
கையில் சுருளோடு.

அதனால் சட்டத்தை விழுந்து கும்பிட மாட்டேன்.
பெட்டி வரைக்கும் வந்தது,
விலை வரைக்கும் வரவில்லை.
எங்கள் தெருவுக்கு இன்னும் ஏறவே இல்லை என்றேன்.
"மூச்சு வாங்குது போல," என்றாள் யாஸ்னா.
"மேடு இல்லையா."

நேற்று மறுபடியும் சுகாதார நிலையம்.
டாக்டர் "வாயை" என்று ஆரம்பித்தார்.
கட்டுகிறேன் டாக்டர் என்றேன்.
உங்கள் வராந்தாவில்
காசு போட்டால் மிட்டாய் தள்ளுகிற அந்த மெஷினை
யார் கட்டுவது?
அதன் கண்ணாடிக்குள் ஏழு கறுப்பு வில்லை எண்ணினேன்,
இரண்டு நான் ஒட்டியது போலவே கோணல்.

அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.
நாலு வருஷமாகப் போகிறேன்,
அவர் கண் பச்சை என்று
நேற்றுதான் தெரிந்தது.

நூற்றாறு என்று எழுதிக்கொண்டார்.
குறைந்த ஒன்றைப் பற்றி
இருவருமே பேசவில்லை.

இன்றிரவு உப்பு.
நாற்பது பேலட் சூப்பொடி இறங்கியிருக்கிறது.
யாஸ்னா நகத்தைக் கடித்துச் சீராக்கிக்கொண்டு
சுருளின் நுனியைத் தேடுகிறாள்.