கொஞ்சம்

நம்புலா ஆஸ்பத்திரி, பயிற்சி அறை.
ஆளுக்கொரு பப்பாளி.
காம்புப் பக்கம்தான் கருப்பை வாய் என்றார்கள்.
குழாயை நுழைத்து இழுத்தேன்;
சிரிஞ்சுக்குள் கறுப்பு விதைகள்
கொழகொழவென்று.
"கொஞ்சம் வலிக்கும்" என்று
பழத்திடம் சொல்லிப் பார்த்தேன்,
பாடத்தில் அப்படித்தான் இருந்தது.
பழம் ஒத்துக்கொண்டது.

ஞாயிறு இரவு முவானாச்சா வந்தாள்,
மினிபஸ்ஸில் நின்றபடியே,
மூன்று கபுலானாத் துணி நனைந்து.
அதே வாக்கியத்தைச் சொன்னேன்.
என் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டாள்:
"கொஞ்சம்னா எவ்வளவு?"

ஜெனரேட்டர் ஒருமுறை விக்கியது.
கையேட்டில் அளவெல்லாம் மில்லிலிட்டரில்.

தெரியாது என்றேன்.
"அப்போ மெதுவா" என்றாள்,
பிடியை விடவில்லை.

ஒற்றைக் கையால் சிரிஞ்சைப் பூட்டத் திறக்கப்
பழகியது
அன்றைக்குத்தான்.