ஈர நாண்

ஒடுகத்தூரில் எங்களை இறக்கிவிட்டுக்
கடைசி பஸ் வந்த வழியே திரும்பிக்கொண்டது.
அதற்கப்புறம் மலை.
எனக்கு மலை தெரியாது.
மேல்விஷாரத்தில் மழை விட்ட மறுநாள்
தெற்கே ஒரு நீலக் கோடு தெரியும், அவ்வளவுதான்.

வில் ஏசுபாதம் செய்தது.
கல்மூங்கிலை அனலில் வாட்டி
முழங்காலில் வைத்து வளைத்தான்.
நாண் என் பங்கு.
எருமைத் தோலில் ஒரு வார் அறுத்து
முறுக்கி நிழலில் காயவைத்தேன்.
பதனிடாத பச்சைத் தோல்,
அதுதான் இழுவை தாங்கும் என்று
நானே சொன்னேன், இருபத்திரண்டு வருஷமாய்த்
தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவன்.

சின்னாண்டி முன்னால் போனான்.
காடு அவனுக்குத் தெரு.
புழுக்கையை மிதித்துப் பார்த்தான், பட்டை உரிந்த மரத்தைத் தடவினான்,
என் கையை இழுத்து மோந்தான்.
"இன்னா நாத்தம் இது?"
சுண்ணாம்பும் கடுக்காயும், என்றேன்.
"சுண்ணாம்பத் தேச்சிக் கழுவு. கடுக்கா இருக்கட்டும்."

மூட்டையில்தான் விளைகிறது என்பதுபோல்
இத்தனை காலம் நான் கொட்டி அளந்த கடுக்காய்
ஒரு மரத்திலிருந்து
டொப்பென்று என் தோளில் விழுந்தது.
அதைத் தின்னத்தான் வருமாம் கடமான்.
"காத்து மூஞ்சில அடிக்கணும்.
முதுவுல அடிச்சா எழுந்து ஊட்டுக்குப் போலாம்"
என்று சொல்லிவிட்டு
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான் சின்னாண்டி.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
மச்சே இல்லாத இடத்தில் நாங்கள்.
ஏசுபாதம் வராத மானைப் பங்கு வைத்தான்:
ஒரு தொடை ஆற்காட்டு மச்சானுக்கு,
ஈரல் அவனுக்கு.
என்னைக் கேட்டான். எனக்கென்ன தெரியும்,
தோல் என்றேன்.

விடிய ஒரு நாழிகை இருக்கும்.
மரங்களில் ஒன்று நடந்து வந்தது.
ஒற்றைக் கொம்பு. மற்றது எங்கோ உதிர்ந்திருந்தது.
கழுத்தில் உண்ணிக் குழி,
இடப்பக்கம் நீளமாய் ஒரு கீறல்.
மூன்றாம் ரகம் என்றது மனசு,
அதுவும் வாங்குகிறவன் நல்லவனாய் இருந்தால்.

அப்போது கொசுவோ என்னவோ கடித்திருக்க வேண்டும்.
தோள் அசையவில்லை.
தோல் மட்டும்
முன்னங்காலிலிருந்து விலாவரை
சிலிர்த்து ஓடி நின்றது.

லட்சம் தோல் என் கையைக் கடந்திருக்கும்.
ஒன்றுகூடத் தானாய் அசைந்ததில்லை.

ஏசுபாதம் இடித்தான். இழுத்தேன்.
நாண் வந்தது. வந்துகொண்டே இருந்தது,
பழைய கயிற்றுக் கட்டிலைப்போல.
ராத்திரி முழுக்கப் பனியைக் குடித்திருக்கிறது.
ஈரம் கண்டால் பச்சைத் தோல் இளகும்,
நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும்.
விட்டேன்.
அம்பு காய்ச்சல்காரன்போல் எழுந்து
நாலு தப்படி போய்
கடுக்காய்களின் நடுவே படுத்துக்கொண்டது.

கடமான் குனிந்து அதை மோந்தது.
பிறகு என் பக்கம் பார்த்தது.
முன்னங்காலால் தரையை ஓங்கி ஒரு தட்டு,
தொண்டையிலிருந்து ஒரு வெடி.
மலை முழுக்கச் செய்தி போயிற்று.
சின்னாண்டி கண் திறக்காமலே
"ஆச்சா?" என்றான்.

எய்தவன் இருக்க
ஏசுபாதம் இறங்குகிற வழியெல்லாம் அம்பை நொந்தான்.
செக்போஸ்ட்டுக்கு முன்னால் வில்லை ஓடையில் போட்டோம்.
நாணை விட மனசில்லை.
மணிக்கட்டில் சுற்றி முழுக்கைச் சட்டையை இறக்கிக்கொண்டேன்.

அணைக்கட்டு தாண்டும்போது வெயில் ஏறியது,
நான் ஜன்னல் ஓரம்.
தோல் காய்ந்தது. காயக் காய இறுகியது.
வேலூரில் இறங்கும்போது விரல்கள் நீலம்.
பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிளேடு வாங்கி
ஏசுபாதம் அறுத்தான். அதிலும் கொஞ்சம் என்னையும்.

திங்கட்கிழமை மேஸ்திரி கையைப் பார்த்து
இன்னாப்பா என்றார்.
முள், என்றேன்.
எங்கள் நோட்டில்
எதனால் என்று தெரியாத கீறலுக்கெல்லாம்
அப்படித்தான் எழுதுவது.