வயலகநதன

ரசீதில் இப்படித்தான் விழுந்திருக்கிறது.
வயலகநதன் என்றுகூட இல்லை,
கடைசிப் புள்ளியும் போய்
வயலகநதன.
பெறுபவர்: பசசயமமள.
எண்பத்தைந்து தினார்
மூன்று நாளாக நடுவழியில் நிற்கிறது.
சங்கரன்கோவில் கிளை கேட்கிறது,
யார் இவர்கள்?

மனாமா. பதினோராம் தளம்.
கண்ணாடிக்கு வெளியே
கடல் எது வானம் எது என்று தெரியாத ஜூலை.
உள்ளே ஏசி பதினெட்டில்.
ஹுதா ஒன்றும் பேசாமல்
பிஸ்தாவின் ஓடு உரித்துக்கொண்டிருக்கிறாள்.
ஷிபின் பழைய நிரலைத் தோண்டி எடுத்துவிட்டான்:
இருநூற்றுப் பன்னிரண்டு வரி.
பிரெஞ்சுக்கு ஒரு கிளை, உருதுவுக்கு ஒன்று,
தெலுங்குக்குள் இன்னும் இரண்டு,
நடுவில், வேலையை விட்டுப் போன எவரோ
எழுதிவைத்த குறிப்பு:
தொடாதே, அழுவாய்.

அதைத்தான் மார்ச்சில் ஒருவன்
ஒரே வரியாகச் சுருக்கினான்.
எழுத்தின் மேலும் கீழும் ஒட்டியிருப்பதெல்லாம் தூசு,
தட்டிவிடு.
கைதட்டினார்கள். கேக்கும் வந்தது.
ஹோசேயை வைத்துச் சோதித்தான், தேறியது.
முஹம்மதை வைத்துச் சோதித்தான்,
குறிகள் உதிர்ந்தும் பெயர் அப்படியே நின்றது.
தமிழ் ரசீது போன வாரம்தான் வந்தது,
அதற்கு முன் யாரும் தமிழில் சோதிக்கவில்லை.
அவன் தமிழன்தான்.
நான்தான்.

"பழையதையே திரும்பப் போடு" என்கிறான் ஷிபின்.
"அந்தக் காட்டுக்குள் யார் போவது?
தமிழுக்கு மட்டும் ஒரு விலக்கு போதும்."
"மலையாளத்துக்கு?"
"சரி, அதற்கும்."
"வங்காளம்? சிங்களம்? நேபாளி?
இப்படியே நட,
இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பொடிநடையாகவே
போய்ச் சேர்ந்துவிடுவாய்."

திரையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன்.
வெயிலுகந்தான், ஏழு எழுத்து.
வயலகநதன, அதுவும் ஏழு.
நீளச் சோதனை பச்சை காட்டியதில் வியப்பில்லை.
கொம்பும் காலும் போனால் முடம் என்பார்கள்,
புள்ளி போனால் அதைவிட மோசம்:
வாய் மூடி நின்ற மெய்யெல்லாம்
அகரம் ஏறி உளறத் தொடங்குகிறது.
வெயில் இருந்த இடத்தில்
யாரும் உழாத ஒரு வயல்.

ஹுதா ஓடுகளைக் குப்பைக்கூடையில் தட்டினாள்.
"அவர் பெயரை நாம் ஏன் தொடுகிறோம்?"
"தேடினால் கிடைக்க வேண்டுமே."
"தேட ஒரு நகல் எடு.
நகலை என்ன வேண்டுமானாலும் செய்.
அவர் தந்ததை, தந்தபடி அனுப்பு."
"இது எளிமையா? ஒரு பத்தி கூடுகிறது" என்றான் ஷிபின்.
"கூடட்டும்" என்றாள்.

என் ஒற்றை வரியை நானே அழித்தேன்.
கேக்கின் ருசி நினைவுக்கு வந்தது,
வெண்ணெய் கொஞ்சம் அதிகம்.

பன்னிரண்டு பத்துக்கு அவரை அழைத்தேன்,
வெளியில் வேலை கூடாதென்ற நான்கு மணி நேரம்
அப்போதுதான் தொடங்கியிருந்தது.
பின்னணியில் மின்விசிறியின் கரகரப்பு,
யாரோ தண்ணீர் கேனை உருட்டும் சத்தம்.
"வெயிலுகந்தானா பேசுறது?"
சற்று நேரம் பதிலில்லை.
"ஆமா... ஊர்லேருந்தா?"

விளக்கிச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.
"பேரா? அத எங்க சார் பாத்தேன்,
தொகைதான் பாத்தேன்.
இங்க எல்லாருக்கும் வேலுதான்.
ஃபோர்மேன் வாயில
அதுக்கு மேல நுழையல."

வேலு.
இரண்டே எழுத்து.
எந்தச் சோதனையிலும் தேறும்.

"பணம் எப்ப சார் போய்ச் சேரும்?"
ஷிபினைப் பார்த்தேன்.
நாளை என்று விரல் காட்டினான்.
ஹுதா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு
இன்றே என்று உதடசைத்தாள்.
மூவருக்கும் நடுவில் அந்தப் பெயர்
எல்லாக் குறிகளோடும்
இன்னும் அனுப்பப்படாமல்
மின்னிக்கொண்டிருந்தது.