தலையெழுத்து

நதிமூலம் கேட்காதே, ரிஷிமூலம் கேட்காதே என்பார்கள்.
கெண்டல் கேட்பது டிரக்மூலம்.
ஐடஹோவில் ஒரு கோழிக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து
எஞ்சின்களின் மூளையை அடித்துத் திருத்தி எழுதுகிறவன்.
"வருஷம் வேண்டாம், நிறம் வேண்டாம்,
எவ்வளவு ஓடியது என்றுகூடச் சொல்லாதே.
கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்,
அதில் நான்கு எழுத்து.
அது இல்லாமல் நான் எழுதினால்
உன் டீசல் எஞ்சின் அடுப்புக்கரியாகிவிடும்."

மொன்டானாவில் அன்று மைனஸ் பத்தொன்பது.
ஆர்டிஸ் லொக்கன் இரண்டு பேட்டரியையும் கழற்றினாள்.
நான்கு குதிரைகளை இழுத்துக்கொண்டு
மேற்கே மலையேறும்போதெல்லாம்
இந்த டிரக் பாதியில் மூச்சுவாங்கி நிற்கப் பார்க்கும்.
பின்னால் தானிய லாரிகள் ஹாரனில் திட்டும்.
அதற்குத்தான் இத்தனையும்.

பிரேக் மிதிக்கு மேலே, இருட்டில், மல்லாந்து,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
உலோகத்தின் குளிர் ஈறுவரை ஏறியது.
ஒரு போல்ட் வந்தது.
ஒரு போல்ட் வரமாட்டேன் என்றது.
மூன்றாவது, வந்த வேகத்தில்
நெஞ்சில் விழுந்து கழுத்துக்குள் உருண்டது.
வாயில் டார்ச் இருந்ததால்
கெட்ட வார்த்தை எதுவும் முழுதாக வெளிவரவில்லை.

கண்ணால் பார்க்க இடமில்லை.
போனை உள்ளே விட்டு, குத்துமதிப்பாகப் படமெடுத்தாள்.
பதினோரு படம்.
எட்டில் அவள் கட்டைவிரல்.
ஒன்றில் மட்டும்
இருபத்துமூன்று வருட எண்ணெயும் தூசும் தின்றதுபோக
மிச்சமிருந்த தாள்:
வி. டி.
அப்புறம் பி-யோ எட்டோ.
கடைசியில் இரண்டு.

"பி என்றால் அப்படி ஒன்று பிறக்கவே இல்லை" என்றான் கெண்டல்.
"எட்டு என்றால்..."
விசைப்பலகை தட்டும் சத்தம். கோழிகள்.
"ஆர்டிஸ், இது பிக்கப்பே இல்லை."
"நான் அதற்கு அடியில்தான் படுத்திருக்கிறேன்."
"டிரக் பிக்கப். மூளை ஆம்புலன்ஸ்.
யாரோ உடைசல் கிடங்கில் வாங்கி மாட்டியிருக்கிறார்கள்."

ஏலத்தில் விற்ற குவாமி
டயரைப் பற்றி அரைமணி நேரம் பேசினான்.
இதைச் சொல்லவில்லை.
ஒருவேளை அவனுக்கும் தெரியாது.

மூன்று குளிர்காலமாக இது ஒன்று செய்கிறது:
நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை மிதித்த சற்று நேரத்தில்
யாரும் தொடாமலே
எஞ்சின் உறுமலை ஒரு படி ஏற்றிக்கொள்ளும்.
நோய் என்றார் ஒரு மெக்கானிக், இருநூறு டாலர்.
பேய் என்றார் இன்னொருவர், அவர் காசு வாங்கவில்லை.
இரண்டுமில்லை.
பின்னால் ஒருவர் படுத்திருக்கிறார் என்று
அது நம்பிக்கொண்டிருந்தது.
விளக்கு அணையக்கூடாது, சூடு குறையக்கூடாது,
ஆக்சிஜன் பக்கத்தில் இருக்கும் கருவி நின்றுவிடக்கூடாது.
சாக்குமூட்டைக்கும் சேணத்துக்கும்
உயிர்காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அந்தப் பழக்கத்தை எடுத்துவிடுகிறேன்" என்றான் கெண்டல்,
"ஒரே வரி."

ஆர்டிஸ் பேசவில்லை.
கிழட்டுப் பெண்குதிரை டாட்ரிக்கு டிரெய்லர் என்றால் நடுக்கம்.
அந்த உறுமல் ஏறிய பிறகுதான்
முதல் குளம்பைப் பலகையில் வைக்கும்.
இதை ஐடஹோவுக்கு எப்படி விளக்குவது?

"மலைக்கு எழுது. அதைத் தொடாதே."
"நானூற்று இருபது. கூரியர் தனி."
"கொள்ளை."
"ஆம்புலன்ஸுக்கும் அதே விலைதான்."

பேட்டரிகளை மாட்டினாள். சாவி திருப்பினாள்.
கடிகாரம் பன்னிரண்டு என்றது,
ரேடியோ எல்லா ஸ்டேஷனையும் மறந்திருந்தது.
மூன்றாவது போல்ட் இன்னும் சட்டைக்குள் எங்கோ குளிர்ந்தது.
பார்க்கிங் பிரேக்கை மிதித்துவிட்டு
விரல்களைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
எண்ண ஆரம்பித்தாள்.