ஐம்பத்தேழாவது பல்

அடியில் கற்குவியல். பிறகுதான் மரம்.
சாரெமா தீவில் ஏர் இடறாத நிலம் இல்லை.
இரண்டு பனிக்காலம் சறுக்குவண்டியில் கல் இழுத்துவந்து கொட்டினோம்,
பிரீடு வீட்டாரும் நாங்களும்.
குவியலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு உத்திரம்,
நடுவே ஒற்றைத் தூண்.
அந்தத் தூணின் தலையில்தான்
மொத்த ஆலையும் உட்கார்ந்திருக்கிறது,
சுவர், கூரை, ஏணி, இரண்டு கல், எலிகள் உட்பட.

தச்சன் லாஸ் ஆணி அதிகம் கேட்கவில்லை.
பன்றிக்கொழுப்பு கேட்டான்,
உராயும் கழுத்தெல்லாம் தடவ.
இறக்கை தாங்கும் அச்சுமரத்தை
மூக்கு சற்றே நிமிர வைத்தான்.
"நேராக வைத்தால் பாரத்தில் குப்புறச் சாயும்.
கொஞ்சம் திமிர் இருக்கட்டும்."

அச்சில் பெரிய சக்கரம், மேப்பிள் மரத்தில் பற்கள்.
அது கடித்துச் சுழற்றக்
கூண்டு போல ஒரு சிறு உருளை, எட்டுக் குச்சி.
எண்ணிப் பார்த்தேன். எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு.
ஐம்பத்தேழு பல்.
"ஏழெட்டு ஐம்பத்தாறு. ஒன்று கூடிவிட்டதே?"
லாஸ் உளியின் தூளை ஊதினான்.
"ஐம்பத்தாறு என்றால்
ஒரே பல் ஒரே குச்சியை ஆயுசுக்கும் கடிக்கும்.
கோணல் பல்லுக்கு வாய்த்த குச்சி தேய்ந்தே சாகும்.
ஒன்று கூட இருந்தால்
சுற்றுக்குச் சுற்று ஜோடி மாறும்.
எட்டாம் சுற்றுக்குள் எல்லாரும் எல்லாரையும் பார்த்துவிடுவார்கள்.
தேய்மானம் பொது."

அரைக்கிற நாளில் உள்ளே நிற்பது
கப்பலில் நிற்பது போல.
சுற்றும் இரும்புத் தண்டு
தொட்டியின் உதட்டைத் தட்டித் தட்டி
ரை மணியைக் கல்லின் வாயில் உதிர்க்கும்.
காற்று வேகமெடுத்தால் தட்டலும் வேகமெடுக்கும்,
யாரும் சொல்ல வேண்டாம்.
இறங்கும் மாவைக் கட்டைவிரலில் தேய்ப்பேன்.
சுட்டால் கல் நெருங்கிவிட்டது.
கொரகொரத்தால் விலகிவிட்டது.
இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதத் தடிமன்.

ஓர் அறுவடை மாலை
என் மூட்டை பன்னிரண்டு என்றேன்.
பதினொன்று என்றான் பிரீடு.
ஏழு வருடத்துக்கு
அதுதான் அவனிடமிருந்து வந்த கடைசிச் சொல்.
திங்கள் முதல் புதன் வரை ஆலை எனக்கு.
வியாழன் முதல் சனி வரை அவனுக்கு.
ஞாயிறு யாருக்கும் இல்லை.
சத்தியமாகச் சொல்கிறேன்,
என் நாட்களில் புல்கூட அசையாது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு இரவு
தென்மேற்கிலிருந்த காற்று
சொல்லாமல் கொள்ளாமல் வடக்கே தாவியது.
இறக்கைக்கு முதுகில் அடி விழுந்தால்
ஆலை தூணை விட்டுக் கவிழும்.
லாந்தரோடு ஓடினேன்.
தடை இறுக்கியும் சக்கரம் பின்பக்கமாக நழுவியது,
தீய்ந்த மரத்தின் வாடை.
பின்புறம் நீண்ட வால்மரத்தைத் தள்ளினால்
வீடு முழுதும் தூணில் திரும்பும்,
குதிரை இருந்தால்.
அல்லது இருவர் இருந்தால்.

தோள் கொடுத்தேன். அசையவில்லை.
லாந்தர் அணைந்தது.
மறுபடி கொடுத்தேன். அசைந்தது.
அது என் பலம் இல்லை என்று எனக்குத் தெரியும்.
வால்மரத்தின் அந்தப்பக்கம்
மீன்வாடை, இருமல், சேற்றில் வழுக்கும் பூட்ஸ்.
மேலே உத்திரங்கள் மாடு போல முனகின.
"இன்னும் ஒரு அடி" என்றான்.
"அரை அடி போதும்" என்றேன்.
அரைக்கும் ஒன்றுக்கும் நடுவே எங்கோ
காற்று ஆலையின் முகத்துக்கு வந்தது.
அவன் கயிற்றை முளையில் கட்டினான்.
முடிச்சை நான் இழுத்துப் பார்த்தேன்.
அவரவர் இருட்டுக்குப் போனோம்.

விடிந்ததும் திங்கள். என் நாள்.
நல்ல வடகாற்று.
ஏணியடியில் அவன் வீட்டுப் பார்லி, நான்கு மூட்டை.
நான்குதான். இரண்டு முறை எண்ணினேன்.
தொட்டியில் கொட்டித் தடையைத் தளர்த்தினேன்.
தலைக்கு மேல் ஜோடி மாறத் தொடங்கியது.

ஆனாலும் அன்றைக்குப் பன்னிரண்டு.
அதில் மாற்றமில்லை.