4417 எனில் விட்டுவிடு

லியெபாயாவில் ஜனவரி.
கடல் பக்கத்து ஜன்னலின் இடுக்கையெல்லாம் நாடா ஒட்டி அடைத்தாயிற்று.
ஊருக்கே வெந்நீர் அனுப்பும் கம்பெனியில்
சில்லிட்டுக் கிடப்பவை என் விரல்கள் மட்டும்.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பயப்படுபவர்களுக்காக
ஒரு வலைப்பக்கம் செய்யச் சொன்னார்கள்.
செய்தேன்.
இடப்பக்கம், டேட்டாபேஸுக்குள் குடியிருக்கும்
நூற்றுப் பன்னிரண்டு செயல்முறைகளின் பெயர்கள்.
ஒன்றைத் தொட்டால்
வலப்பக்கம் அதன் உடம்பு திறக்கும்.
கீழே உருவாக்கு, மாற்று, நீக்கு.
கடைசிப் பட்டனுக்குச் சிவப்பு பூசினேன்.
அதுவும் போதாதென்று
‘நிஜமாகவா?’ என்று கேட்க வைத்தேன்.

முதல் வாரம் முழுக்க அரைப்புள்ளியோடு மல்லுக்கட்டு.
வரிக்கு வரி உட்கார்ந்திருக்கும் அந்தப் புள்ளியையும் வாலையும் பார்த்து
பேச்சு முடிந்ததென்று என் நிரல் நம்பிவிடும்;
பாதி உடம்பை சர்வர் வாசலில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.
எது மூச்சு, எது முடிவு என்று
அதற்குப் புரியவைக்க ஐந்து நாள்.

ஆறாம் நாள் திறந்தது ‘நிலுவை_துண்டிப்பு’.
எழுதியவர் ஓயார்ஸ். பதினோரு வருடப் பழைய தேதி.

மூன்று மாதமாகப் பணம் வரவில்லை எனில்
இருமுறை எச்சரித்தாயிற்று எனில்
வால்வை மூடும் ஆணையை அச்சிடு.
கணக்கு 4417 எனில் விட்டுவிடு.

அந்த வரிக்கு மட்டும் குறிப்பில்லை.
வரியைக் கூட்டும் இடத்தில்கூட
‘இங்கே கூட்டுகிறோம்’ என்று எழுதிவைத்த மனிதர்.

4417: கரோஸ்தா, ஐந்தாம் மாடி, மில்டா சீருலே.
பதினோரு வருட நிலுவை.
ஓயார்ஸ் அயர்லாந்து போய்விட்டார், பழைய நம்பர் அடிப்பதில்லை.
‘எடுத்துவிடு, தணிக்கை வருகிறது’ என்றாள்
கணக்குப் பிரிவு ரஸ்மா, தலை நிமிராமல்.

எங்கள் டேட்டாபேஸில் மாற்று என்பது பெயருக்குத்தான்.
பழையதை அழிக்க வேண்டும், பிறகு புதியதைப் பிறப்பிக்க வேண்டும்.
நடுவில் ஒரு கணம்
அந்தப் பெயரில் உலகத்தில் எதுவும் இல்லை.

மாலை ஐந்தே முக்காலுக்கு அழுத்தினேன்.
பக்கம் சுற்றியது, சுற்றியது.
நின்றுவிட்டதைப் பார்த்து
முடிந்ததென்று நானும் நம்பி கோட்டை மாட்டினேன்.
அழிந்தது போய்ச் சேர்ந்திருக்கிறது.
பிறந்தது காற்றில் அறுந்த கம்பியோடு எங்கோ நின்றுவிட்டது.

இரவு இரண்டு மணிக்கு
தினசரி வேலை வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது.
பதிவேட்டில் ஒரே வரி:
அப்படி எதுவும் இங்கே இல்லை.

மைனஸ் பதினெட்டு.
அறுபத்து மூன்று வீடுகளில் மூட வேண்டிய வால்வுகள்
திறந்தபடியே விடிந்தன.
திட்டு வாங்கினேன். தலையைக் குனிந்துகொண்டேன்,
முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்.

அப்புறம் ரஸ்மா சொன்னபடியே செய்தேன், ஒரு விதத்தில்.
செயல்முறைக்குள் இப்போது அந்த எண் இல்லை.
விலக்கு என்று ஓர் அட்டவணை,
அதைப் பார்த்துவிட்டுப் போ என்று ஒரு வரி.
மறுபடி பிறந்ததற்குப் பழைய உரிமைகள் ஒட்டிவருவதில்லை;
யார் யார் அழைக்கலாம் என்று
ஒவ்வொரு பெயராகக் கையளித்தேன்.

அட்டவணையில் இரண்டே கட்டம்.
கணக்கு எண்: 4417.
காரணம்: காலியாக விட முடியாது.
அந்த விதியை வைத்தவள் நான்தான், போன செவ்வாய்க்கிழமை.

கர்சர் துடிக்கிறது.
நோயா? கடனா? ஓயார்ஸுக்கு அவள் யாராவதா?
ஊகத்தைத் தட்டினால்
நாளைக்கு அதற்குத் தரவு என்று பெயர்.

நாடாவை மீறி ஜன்னல் ஒருமுறை உறுமியது.
ஐந்தாம் மாடியில் ஒரு குழாய் இந்நேரம்
தொட்டால் கை சுடும்.

விஸ்மா, என்று தட்டினேன்.
என் பெயர்தான்.
பக்கம் பச்சை எழுத்தில் சொன்னது:
ஒரு வரி சேர்க்கப்பட்டது.